பேஸ்மென்ட் வெள்ளத்தை மேலேற்ற எவ்வளவு பவர் வேண்டும்?

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 2013 ஜூலை 8 அன்று 126 மி.மீ., 2024 ஜூலை 16 அன்று ஏறக்குறைய 98 மி.மீ. மழை கொட்டியது. இரண்டு தடவையும் பேஸ்மென்ட்டுக்குள் வெள்ளம் வந்த நேரத்திலேயே பல இடங்களில் கரண்டும் போனது. பேஸ்மென்ட் குழியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1. பலத்த மழையன்று, பம்ப் ஓடாமல் நிற்கும் இடைவெளியில் குழியில் நீர் ஏறும் வேகத்தைப் பாருங்கள். 45 செ.மீ. விட்டமுள்ள குழியில் 10 செ.மீ. ஏறினால் சுமார் 16 லிட்டர். அது 16 விநாடியில் ஏறினால் விநாடிக்கு 1 லிட்டர். அதைப்போல் இரு மடங்கு இறைக்கும் பம்ப் வாங்குவது நல்லது.

2. குழியின் நீர்மட்டத்திலிருந்து பைப்பின் மிக உயர்ந்த இடம்வரை நேர்செங்குத்தாக அளந்து பாருங்கள்.

3. விநாடிக்கு எத்தனை லிட்டர் × எத்தனை மீற்றர் உயரம் × 9.8 = வாட். விநாடிக்கு 2 லிட்டரை 3 மீற்றர் ஏற்ற 59 வாட் போதும். ஆனால் சிறிய பம்ப்கள் வாங்கும் சக்தியில் பெரும்பகுதியை வீணாக்கும். மூன்றிலொரு பங்குதான் நீருக்குப் போகிறது என்று வைத்தால் 180 வாட். மூன்றிலொரு குதிரைத்திறன் மோட்டார் 250 வாட் தரும். இந்த அளவு வேலைக்கு அது தாராளம்.

4. பெட்டியில் உள்ள பெரிய எண்ணை நம்பவேண்டாம். நீங்கள் அளந்த உயரத்துக்கு, இந்தக் கணக்கில் 10 அடிக்கு, எவ்வளவு இறைக்கும் என்று பாருங்கள். அங்கே மணிக்கு 2,000 அமெரிக்க கலன் என்றிருந்தால் விநாடிக்கு 2.1 லிட்டர்.

5. ஒன்றரை அங்குல பைப்பைச் சிறிதாக்காதீர்கள். வளைவுகளும் குறைவாக இருக்கட்டும்.

6. கரண்ட் போனால் பம்பை ஓட்டும் பற்றரிக்குக் கணக்கு வேறு. பம்ப் சுவரிலிருந்து இழுக்கும் வாட் மோட்டாரின் குதிரைத்திறனைவிட அதிகம். தொடங்கும் கணத்தில் பல மடங்கு. இன்வேர்ட்டர் அதைத் தாங்கவேண்டும். 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய பற்றரியில் பாதியை, அதாவது 600 வாட்-மணியை மட்டும் நம்புங்கள். 400 வாட் இழுக்கும் பம்ப் இடைவிடாமல் ஓடினால், இன்வேர்ட்டரிலும் கொஞ்சம் வீணாவதால், ஒன்றரை மணிநேரம்கூட முழுதாக வராது.

7. கரண்ட் பில்லுக்குப் பயந்து பம்பை நிறுத்தாதீர்கள். 10,000 லிட்டரை 3 மீற்றர் ஏற்ற, வீணாவதையும் சேர்த்து, கால் யூனிட்தான்.

8. பேஸ்மென்ட் வெள்ளத் தடுப்புக்கு ரொறன்ரோ மாநகரசபை மானியம் தருகிறது. வேலை தொடங்குமுன் நிபந்தனைகளைப் படியுங்கள்.