தண்டவாளத்துக்குக் கிழக்கா, மேற்கா?

சென்னைக்குத் தெற்கே சொந்த வீடு தேடிப் புறப்படுகிற நடுத்தரக் குடும்பங்கள், கையிருப்பையும் கிடைக்கக்கூடிய வங்கிக் கடனையும் கூட்டிப் பார்த்து, நகரத்துக்குள் நமக்கு இடமில்லை என்ற தீர்மானத்துக்கு வந்த பின்னர், பெரும்பாலும் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு கேள்வியின் முன்னால் நிற்கின்றன: கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று போகிற பக்கமா, மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் என்று போகிற பக்கமா? விடை சொல்வதற்கு உறவினர், தரகர், அலுவலக நண்பர், காலை நடையில் சந்திக்கும் பெரியவர் என்று பலரும் சித்தமாகவே இருக்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்வதிலும் சிறிது வாஸ்தவம் கலந்திருப்பதனாலேயே அதிலுள்ள பிழை எளிதில் அகப்படுவதில்லை. அப்படிப்பட்ட சில நம்பிக்கைகளை இங்கே நிதானமாகப் பரிசீலிப்போம்.

"மேற்குப் பக்கம் முழுகும், கிழக்குப் பக்கம் மேடு"

இந்த அபிப்பிராயம் வலுப்பெற்றது 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். முதல் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் அமிழ்ந்துபோக, ஜனங்கள் மாடியிலிருந்து படகில் இறங்கினார்கள். அன்றுமுதல் மேற்கு என்ற சொல்லைக் கேட்டதும் தலையை அசைத்து விலகுகிறவர்கள் ஒரு சாரார்; "அதெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திடீரென்று திறந்ததால் வந்த வினை, இனிமேல் அப்படி நடக்க விடமாட்டார்கள்" என்று சமாதானம் கூறி மனையை விற்கிறவர்கள் இன்னொரு சாரார். இரு சாராரும் வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் வந்து கலக்குமிடம் திருநீர்மலைக்கு அருகில் இருக்கிறது. முடிச்சூரோ அந்தச் சங்கமத்துக்கு மேற்போக்கில், ஆறு வந்துகொண்டிருக்கும் வழியில் அமைந்த ஊர். ஆகவே, செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் ஜாபர்கான்பேட்டையையும் சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் என்ன பாடு படுத்தியது என்பது வேறு கதை. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறாக உருவெடுத்து, வழக்கமான பாதை போதாமல் குடியிருப்புகளின் மேல் பரவிய நீர்தான். செம்பரம்பாக்கம் மதகை எத்தனை சாமர்த்தியமாக இயக்கினாலும் இவ்வூருக்கு அதனால் பெரிய அனுகூலம் விளையப்போவதில்லை. இதற்கான பரிகாரம் ஆற்றை அகலப்படுத்துவதிலும் மூடுகால்வாய் கட்டுவதிலும் இருந்தது. அவ்விதப் பணிகள் நடக்கவும் செய்தன. ஆயினும் 2021-ஆம் ஆண்டு நவம்பர் மழையில் அதே தெருக்கள் பலவற்றில் மறுபடியும் நீர் தேங்கியதைப் பார்த்தோம்.

அப்படியானால் கிழக்குப் பக்கம் நிர்ப்பயமா? சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கும், அது நிரம்பினால் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளுக்கும், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் நீர் இறங்கும்படியாக நம் முன்னோர் ஒரு தொடரை அமைத்து வைத்தார்கள். ஒரு காலத்தில் ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அச்சதுப்புநிலம், குப்பைமேடும் சாலைகளும் அலுவலகக் கோபுரங்களும் எடுத்துக்கொண்டது போக, மிகச் சுருங்கிய நிலையில் 2022-ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வாங்கிக்கொள்ளும் பாத்திரம் சிறுத்துப்போனால் மேலிருந்து வரும் நீர் வழியிலேயே தங்கத்தானே செய்யும்! 2015-இல் சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொடரின் கீழ்க்கோடியிலுள்ள பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் பல நாள் நீரில் கிடந்தன. படகுக் காட்சிகள் மேற்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டபடியால் கிழக்கின் கஷ்டம் அவ்வளவாகப் பேசப்படவில்லை, அவ்வளவே.

உண்மை என்னவென்றால், நீருக்குத் திசை தெரியாது, சரிவுதான் தெரியும். மேற்கில் ஒரு சொட்டுக்கூட ஏறாத மேட்டுத் தெருக்கள் உண்டு. கிழக்கில் ஏரியின் கலங்கலுக்கு நேர்க்கீழே போடப்பட்ட நகர்கள் உண்டு. ஊரின் பெயரை விட்டுவிட்டுத் தெருவைக் கேளுங்கள்; தெருவிலும் வீட்டைக் கேளுங்கள். விற்பவரைக் கேட்டால் "நம்ம வீட்டுக்கு வரவே இல்லை சார்" என்பார்; எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் அம்மாளைக் கேட்டால், எத்தனையாவது படி வரைக்கும் வந்தது, மின்சாரம் எத்தனை நாள் இல்லை, பால் எப்படி வந்தது என்பதையெல்லாம் சொல்லிவிடுவார். புதிதாகக் கட்டும் வீடுகளின் அடித்தளம் பழைய வீடுகளைவிட ஆளுயரம் மேலே இருக்குமானால், அந்தத் தெருக்காரர்கள் ஏற்கெனவே பாடம் கற்றவர்கள் என்று அறிக. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, வாசற்படி பள்ளத்தில் இறங்கிவிட்ட வீடுகள் இரு பக்கத்திலும் ஏராளம். ஜாக்கி வைத்து முழு வீட்டையே தூக்கி நிறுத்தும் விநோதத் தொழில் நம் புறநகர்களில் செழித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"மெட்ரோ வரப்போகிறது, இப்போதே வாங்கினால் லாபம்"

வரப்போவதற்கும் வந்ததற்கும் உள்ள தூரத்தைத் தரகர்கள் கிலோமீட்டரில் அளக்கிறார்கள். வருஷத்தில் அளப்பதே சரி. கடற்கரையிலிருந்து வரும் பறக்கும் ரயில் 2007-ஆம் ஆண்டில் வேளச்சேரியை எட்டியது. அங்கிருந்து பரங்கிமலைக்கு எஞ்சியிருந்த தூரம் ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டரில் கடைசி அரைக் கிலோமீட்டருக்கான நிலத்தைக் கையகப்படுத்துவதில் எழுந்த வழக்கு வியாஜ்யங்களால், பத்தாண்டுகளுக்கு மேலாகத் தூண்கள் பாதியில் நின்ற காட்சியை ஆதம்பாக்கத்துவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பு பற்றிப் பல வருஷங்களாகப் பேச்சு நடக்கிறது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்டபோது அதன் அருகில் ரயில் நிலையம் இருக்கவில்லை. பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கிய பிரயாணிகள் மாநகரப் பேருந்தையும் ஆட்டோவையும் தேடி அலைந்தார்கள்.

இதற்கு மாறாக, வந்தே தீர்ந்துவிட்ட ஒரு சௌகரியம் கண்ணெதிரில் இருக்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். 29 கிலோமீட்டர், சுமார் ஒரு மணி நேரம். தாம்பரத்தின் இரு பக்கங்களுக்கும் இருக்கிற மதிப்பில் பெரும்பகுதி இந்த ரயிலின் பிரசாதம். ஆனால் "நிலையத்திலிருந்து பத்தே நிமிஷம்" என்று விளம்பரத்தில் அச்சிடப்படும் நிமிஷங்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கணக்கிடப்பட்டவை என்று வைத்துக்கொள்வது உத்தமம். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கேம்ப் ரோடு சிக்னலில் நின்று பார்த்தாலும், முடிச்சூர் சாலையில் பள்ளி வேன்களுக்கு நடுவே ஊர்ந்து பார்த்தாலும், கிழக்கு மேற்கு என்ற பேதம் சுத்தமாக மறைந்துவிடும்.

"இந்தப் பக்கம் தண்ணீர் அருமையாக இருக்கும்"

தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தின் அடியில் கிடப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. அப்பெயருக்குரிய ஜாப் சார்னாக்கின் கல்கத்தாவிலுள்ள கல்லறைக்குக் கல் போனது இந்தப் பல்லாவரத்துப் பக்கத்திலிருந்துதான் என்பர். அத்தகைய பாறைப் பிரதேசத்தில் நிலத்தடி நீர் விரிசல்களில் மட்டும் தங்குகிறபடியால், ஒரு வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் தாராளமாக ஊறும் நீர் அடுத்த வீட்டில் அறவே இல்லாமலும் போகலாம். எனவே பக்கத்து வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து மனைக்கு முன்பணம் கொடுப்பது விவேகமாகாது. கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே: குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? 2019-ஆம் ஆண்டுக் கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்கு நீர் கொண்டுவந்தார்களே, அப்போது இந்தத் தெருவில் என்ன செய்தார்கள்?

"மாநகராட்சி ஆகிவிட்டது, இனி எல்லா வசதியும் வரும்"

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021-ஆம் ஆண்டு நவம்பரில். பெயர்ப்பலகை உடனே மாறியது. பாதாளச் சாக்கடை அந்த வேகத்தில் வருகிற வஸ்து அன்று; செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும் இன்னும் பல தெருக்களின் நித்திய யதார்த்தம்.

"பட்டா இருக்கிறது, வில்லங்கம் சுத்தம், அப்ரூவ்ட் மனை; பிறகென்ன பயம்?"

இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று நம்பிக்கைகள் அடங்கியிருக்கின்றன. மூன்றும் தனித்தனியே ஆபத்தானவை. பட்டா வருவாய்த் துறையின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அதுமட்டுமே சொத்துரிமையை ஸ்தாபித்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறிவிட்டன. வில்லங்கச் சான்றிதழில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தென்படும். பதியாத உயில், வாரிசுகளில் ஒருவரின் கோராத பாகம், நிலுவையிலுள்ள வழக்கு இவை அதில் தலைகாட்டாமலே இருக்கலாம். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்துவிட்டார் என்பதாலும் விற்றவருக்கு விற்க உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. உரிமையை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவருடைய உத்தியோகமன்று. மூலப்பத்திரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கைமாற்றத்தையும் வாசித்துப் பார்க்கும் வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் சிக்கனம் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கிரகப்பிரவேச விருந்தில் ஒரு பந்திக்கு ஆகும் செலவுகூட இராது அது.

அப்ரூவல் விஷயம் இன்னும் நுட்பமானது. பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரையை வைத்துக்கொண்டு "அப்ரூவ்ட்" என்று விற்கப்பட்ட மனைகள் இரு பக்கத்திலும் பெருகிக் கிடந்த காலத்தில், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதன் பின்னர் 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முந்திய மனைகளுக்கு ஒரு வழி திறந்துவிட்டது. தாம்பரத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தை (சி.எம்.டி.ஏ.) சார்ந்தது, ஆகவே அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, அல்லது பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கிழக்கில் வாங்குகிறவர்கள் விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் விசாரித்துக்கொள்ளல் நலம். பின்னால் மாடி எடுக்கலாம் என்ற மனக்கோட்டை அங்கேதான் இடியும். இத்தனையும் சரியாக இருந்தாலும், அங்கீகாரம் பெற்ற மனையில் வெள்ளம் ஏறாது என்று எந்தச் சட்டமும் உத்தரவாதம் தரவில்லை. புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பக்கத்துச் சர்வே எண்ணில் ஏரி, வாய்க்கால், ஓடை என்று ஏதேனும் எழுதியிருந்தால், தரகர் எவ்வளவு மன்றாடினாலும் மழைக்காலம் வரையில் பொறுத்திருங்கள்.

கிழக்குப் பார்த்த வாசல், மூலைமனை, தெருக்குத்து இவைபற்றிய நம்பிக்கைகளில் நான் கைவைக்கப்போவதில்லை. அவரவர் சித்தம். தண்டவாளத்தின் இரு பக்கத்திலும் சூரியன் ஒரே இடத்தில்தான் உதிக்கிறது.

"பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு அந்தப் பக்கம் போய்விடலாம்"

மனையோ வீடோ வாங்கும்போது முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் பொதுவாக அரசுக்குச் செலுத்துகிறோம். 60 லட்ச ரூபாய் மதிப்புள்ள கிரயத்துக்கு இது 5 லட்சத்து 40 ஆயிரம். விற்றுவிட்டு எதிர்ப்பக்கத்தில் வாங்கினால் இந்தத் தொகையை மறுபடியும் கட்டவேண்டும். தரகுக் கூலியும் வங்கிச் செலவும் வேறு. மனம் மாறுவதற்கு இத்தனை விலை கொடுக்கிறவர், அதில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு, தாம் விரும்பும் தெருவிலேயே அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வாடகைக்குக் குடியிருந்து பார்க்கலாமே. முன்பணம் திரும்பி வரும். வடகிழக்குப் பருவமழையில் அந்தத் தெரு எப்படி நடந்துகொள்கிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்.

அதற்கும் சௌகரியப்படாதவர்களுக்கு என் தீர்ப்பு இது: 2015, 2021, 2023 ஆகிய மூன்று வருஷங்களிலும் நீர் ஏறாத தெருவாக, வக்கீல் பத்திரங்களைப் பார்த்துத் தலையசைத்த வீடாக இரு பக்கத்திலும் ஒவ்வொன்று கிடைத்தால், ரயில் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடியது எதுவோ அதை வாங்குங்கள், அது கிழக்கில் இருந்தால் என்ன, மேற்கில் இருந்தால் என்ன.