இயக்கமும் அதனை ஆளும் நரம்பும்

ஒருவர் நீர்க்குவளையை எடுத்துப் பருகுகிறார். இச்செயலைச் செய்தது எதுவெனின், ‘கை’ என்போம். அவ்விடை முற்றும் சரியன்று. கை, ஒரு நீண்ட தொடரின் இறுதிக் கண்ணியே ஆகும். அத்தொடரை அறிந்தால், நம் வீட்டு முதியோரின் துன்பம் ஒன்றையும் சரியாக அறியலாம்.

1. தசை

எலும்புகளை இயக்கும் தசைகள் நம் உடம்பில் 600-க்கு மேற்பட்டவை. தசை இழுக்குமேயன்றித் தள்ளாது. ஆகவே தசைகள் எதிரெதிராக அமைந்துள்ளன. முழங்கையை மடக்குங்கால் மேற்கையின் முன்தசை சுருங்கும். பின்தசை தளர்ந்து இடங்கொடுக்கும். நீட்டுங்கால் இது மாறி நிகழும். ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று ஒட்டி வழுக்குவதாலேயே தசை சுருங்குகிறது என்பதை 1954-இல் இரு ஆராய்ச்சிக் குழுவினர் தனித்தனியே விளக்கினர்.

2. நரம்பு

மூளையில் எழும் கட்டளை தண்டுவடத்தின் வழியே இறங்கி நரம்பு நுனியை அடைகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசையைத் தூண்டுகிறது. தசை எந்நிலையில் உள்ளது என்னும் செய்தி வேறு நரம்புகளால் மேலே செல்கிறது. அதற்கேற்பச் சிறுமூளை அசைவைத் திருத்துகிறது. இருளிலும் உணவு வாய்க்கு வழி தவறாமல் சேர்வது இதனாலன்றோ!

3. கட்டளை தடுமாறுங்கால்

மூளையின் ஆழத்தில் டோபமைன் என்னும் பொருளை ஆக்கும் அணுக்கள் உள. இவை பெருமளவு அழியின், தசை நலமாயிருந்தும் அசைவு தொடங்குவது அரிதாகும். உடல் விறைக்கும், நடை குறுகும், பலருக்கு ஓய்ந்திருக்கும் கை நடுங்கும். இதுவே நடுக்குவாதம். 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விரித்தெழுதினமையால், பார்க்கின்சன் நோய் எனவும் பெயர் பெற்றது.

4. மருத்துவம்

டோபமைனை உட்கொண்டால் அது மூளைக்குள் புகாது. லெவோடோபா புகுந்து டோபமைனாக மாறும். நம் வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்த செய்தியைத் தாமோதரன், இராமசாமி என்னும் சென்னை ஆய்வாளர் இருவர் 1937-இல் வெளியிட்டனர். நோயாளருக்கு அது பெரும்பயன் தருவதை 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் காட்டினார். எனினும் விதையைத் தாமே அளவின்றி உண்பது தீங்காகும்.

மருந்து மட்டும் போதாத சிலருக்கு, மூளையின் ஆழத்தில் நுண்கம்பி பொருத்தி மின்தூண்டல் அளிப்பர். திருவனந்தபுரத்தில், 1980-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இச்சிகிச்சை நடைபெறுகிறது. இது நோயை வேரறுப்பதன்று, துன்பத்தைக் குறைப்பதே.

5. நாம் கொள்ள வேண்டுவது

எழத் தாமதிக்கும் முதியவரைச் சோம்பர் என்கிறோம். முகம் அசையாதிருப்பின் சினமென எண்ணுகிறோம். அவர் மனம் எழுந்துவிட்டது. கட்டளையே கால்களைச் சேரவில்லை. அவரை விரைவுபடுத்தாதீர். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தை வேளை தவறாது கொடுங்கள். அவர் அடியெடுத்து வைக்கும் வரை அருகில் நில்லுங்கள்.