ஸ்டோமா சத்திரசிகிச்சைக்குப் பின் நீடிக்கும் வலி: காரணம் அறிதலும் உதவி பெறுதலும்

பெருங்குடற் புற்றுநோய், குடல் அழற்சி நோய்கள், சிறுநீர்ப்பைப் புற்றுநோய், விபத்துக் காயம் முதலிய காரணங்களால் சிலருக்குக் குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து புதிய வாய் அமைக்க நேர்கிறது. இவ்வாய் ஸ்டோமா எனப்படும். பெருங்குடலில் அமைவது கொலோஸ்டமி; சிறுகுடலின் இறுதிப் பகுதியில் அமைவது இலியோஸ்டமி; சிறுநீர் வெளியேறுவதற்காக அமைவது யூரோஸ்டமி. சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டுமே தேவைப்படும். வேறு சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

சத்திரசிகிச்சையை அடுத்துவரும் வாரங்களில் வலி இருப்பது இயல்பே. அது வாரந்தோறும் குறைந்து செல்ல வேண்டும். குறையாமல் நீடிக்கும் வலிக்கும், குறைந்தபின் மீண்டும் தோன்றும் வலிக்கும் காரணம் தேடப்பட வேண்டும். எனினும் “உயிர் தப்பியதே பெரிது, இதையும் பொறுத்துக்கொள்வோம்” என்று எண்ணி மாதக்கணக்கில் வாய் திறவாதிருப்போர் தமிழ்க் குடும்பங்களில் உள்ளனர். கழிவு, மலவாசல் போன்றவற்றைப் பிறர் முன் பேசுவதில் உள்ள கூச்சமும் இதற்குக் காரணமாகிறது. வலி எங்கே, எப்போது, எவ்வாறு தோன்றுகிறது என்று சொல்லத் தெரிந்தால், பெரும்பாலும் அதைத் தணிக்க வழி கிடைக்கும். அவ்வாறு சொல்வதற்குத் துணைசெய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஸ்டோமாவுக்கு வலி தெரியாது

வெளியே தெரியும் சிவந்த, ஈரமான பகுதி குடலின் உட்புறச் சவ்வாகும். தொடுதலையும் வெட்டையும் சூட்டையும் வலியாக உணரும் நரம்புகள் அதில் இல்லை. துடைக்கும்போது சிறிதளவு இரத்தம் கசிந்தாலும் வலிப்பதில்லை. இதனால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, வலி இருக்குமாயின் அது ஸ்டோமாவைச் சுற்றிய தோலிலோ, வயிற்றுத் தசையிலோ, உள்ளே உள்ள குடலிலோ, தழும்பிலோ, நரம்பிலோ இருந்து வருகிறது. இரண்டாவது, ஸ்டோமா காயப்பட்டாலும் அதை உணர இயலாது. இறுக்கமான பாவாடை நாடாவோ, சாரத்தின் முடிச்சோ, இடுப்புப் பட்டியோ அதன்மேல் அழுந்திப் புண் உண்டாக்கினாலும் நோவு தோன்றாது. ஆகவே பை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்டோமாவின் நிறத்தையும் அளவையும் கண்ணால் பார்த்து அறிவது அவசியம். நாடாவையும் முடிச்சையும் ஸ்டோமாவுக்கு மேலாகவோ கீழாகவோ தளர்த்திக் கட்டுவது நல்லது.

2. தோலின் எரிவும் அரிப்பும்

நீடிக்கும் நோவுகளில் அடிக்கடி காணப்படுவது ஸ்டோமாவைச் சுற்றிய தோலின் எரிவாகும். இலியோஸ்டமியிலிருந்து வெளிவரும் நீர்மத்தில் உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்கள் உள்ளன. அவை தோலில் பட்டால் தோலையும் அரிக்கும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் வீங்கியிருக்கும் ஸ்டோமா முதல் 6 முதல் 8 வாரங்களில் சுருங்குகிறது. வைத்தியசாலையில் அளந்து வெட்டிய அதே அளவில் ஒட்டுத்தகட்டின் துளையை வெட்டி வருபவருக்கு, சில வாரங்களின் பின் அத்துளை பெரிதாகிவிடும். இடைவெளியில் உள்ள தோல் கழிவில் நனைந்து புண்ணாகும். எனவே அக்காலத்தில் வாரம் ஒரு முறை ஸ்டோமாவை மீண்டும் அளக்க வேண்டும். துளையின் விளிம்புக்கும் ஸ்டோமாவுக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும்.

தோலைக் கழுவ வெதுவெதுப்பான நீர் போதுமானது. கிருமிகொல்லித் திரவங்களும் வாசனைச் சவர்க்காரமும் தோலை மேலும் உறுத்தும். வீட்டு வைத்தியமாக மஞ்சள், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், திருநீறு ஆகியவற்றைப் பூசுவது தவறு. எண்ணெய்ப் பசை இருந்தால் தகடு ஒட்டாது. தகடு ஒட்டாவிட்டால் கசிவு மிகும். கசிவு மிகுந்தால் புண் பெருகும். தகட்டின் கீழ் எரிவு தோன்றினால் மேலே பட்டி ஒட்டி மறைக்காமல், தகட்டைக் கழற்றிப் பார்த்துப் புதியதை இட வேண்டும்.

இத்துன்பம் நெடுங்காலம் தீர்வின்றி இருந்தது. 1952இல் பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் பிரையன் புரூக் குடலின் நுனியை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை விளக்கினார். அதன் பின்னரே கழிவு தோலில் படாமல் பைக்குள் விழுவது எளிதாயிற்று. இந்தியக் காடுகளில் வளரும் மரமொன்றிலிருந்து எடுக்கப்படும் கராயா பிசின், தோலைக் காக்கும் பொருளாக அதே காலத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், தாமே இலியோஸ்டமியுடன் வாழ்ந்த நோர்மா கில் என்ற பெண்மணியை 1958இல் பிற நோயாளருக்கு உதவ அமர்த்தினார். ஸ்டோமா சிகிச்சைத் தாதியர் என்னும் இன்றைய சிறப்புத்துறை அவ்வாறு தோன்றியது. ஒரு நோயாளர் தம் நோவைப் பேசியதனால் விளைந்த துறை இது.

3. வயிற்றுப் பிடிப்பும் அடைப்பும் உப்பிழப்பும்

விட்டுவிட்டு வரும் வயிற்றுப் பிடிப்பு பெரும்பாலும் வாயுவினால் உண்டாகும். மென்று மெதுவாக உண்ணுதல், குளிர்பானங்களைக் குறைத்தல் ஆகியன பயன்தரும்.

இலியோஸ்டமி உடையவருக்கு உணவு அடைப்பு ஏற்படலாம். நார் மிகுந்த உணவுகள் ஸ்டோமாவுக்கு அருகே சிக்கிக்கொள்கின்றன. தமிழர் சமையலில் தேங்காய்ப்பூ, முருங்கைக்காய், கீரைத்தண்டு, சோளம், கச்சான், காளான், அன்னாசி ஆகியன இவ்வகையில் கவனத்துக்குரியவை. முதல் 6 முதல் 8 வாரங்களுக்கு இவற்றைத் தவிர்த்து, பின்னர் ஒவ்வொன்றாகச் சிறிய அளவில், நன்றாக மென்று உண்டு பார்க்கலாம். சம்பலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால் சேர்த்த சொதியும், முருங்கைக்காயின் நாரை நீக்கி வழித்தெடுத்த சதையும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

கழிவு குறைந்தோ நின்றோ வயிறு பிடித்தால், திண்ம உணவை நிறுத்த வேண்டும். வாந்தி இல்லாவிடின் நீராகாரத்தைச் சிறிது சிறிதாக அருந்தலாம். முழங்கால்களை மார்புவரை மடித்துப் படுப்பதும், வெந்நீர்க் குளியலும், ஸ்டோமாவைச் சுற்றி மெல்ல நீவுவதும் உதவும். மலமிளக்கி எடுக்கக் கூடாது. சில மணி நேரத்தில் நிலைமை சீராகாவிடின், அல்லது வாந்தி தொடங்கினால், வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கால் தசைப்பிடிப்பு, தலையிடி, தலைச்சுற்று, ஓயாத களைப்பு ஆகியவையும் ‘வலி’ என்றே சொல்லப்படுகின்றன. இலியோஸ்டமி உடையவரில் இவை நீரும் உப்பும் இழக்கப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். வெறும் தண்ணீரை மிகுதியாகக் குடிப்பது இவ்விழப்பை ஈடுசெய்யாது. உப்பிழப்பை மேலும் கூட்டவும் செய்யும். மருந்தகத்தில் கிடைக்கும் நீரிழப்புக் கரைசலே ஏற்றது. உப்பிட்ட கஞ்சியும் துணைசெய்யும். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் உப்பின் அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். மெல்பேர்ண் கோடையின் கடும் வெப்ப நாட்களிலும், கந்தசஷ்டி, நோன்பு போன்ற விரத காலங்களிலும் இவ்விழப்பு அபாயமாகலாம். விரதம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியருடன் பேசுவது நல்லது.

4. ஸ்டோமாவின் அருகே புடைப்பும் இழுவையும்

நிற்கும்போதும் இருமும்போதும் ஸ்டோமாவின் பக்கம் புடைத்து, மாலையாகும்போது கனத்து இழுப்பது போலிருந்தால், அது குடலிறக்கமாக இருக்கலாம். ஸ்டோமாவுக்காக வயிற்றுச் சுவரில் இடப்பட்ட திறப்பின் வழியாகக் குடல் பிதுங்குவதால் இது ஏற்படுகிறது. ஸ்டோமாவுடன் வாழ்பவர்களிடையே இது பரவலாகக் காணப்படும் சிக்கலாகும்.

டண்டினொங் தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் பாரம் தூக்கிப் பணிபுரிவோர் இதில் சிறப்பாகக் கவனம் செலுத்த வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் எப்போது, எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதைச் சத்திரசிகிச்சைக் குழுவிடம் எழுத்தில் பெற்று, வேலைத்தலத்தில் காட்டுவது நல்லது. வீட்டிலும் அரிசி மூட்டையையும் தண்ணீர் நிறைந்த வாளியையும் பிறர் தூக்கட்டும். இருமும்போதும் தும்மும்போதும் உள்ளங்கையால் ஸ்டோமாவைத் தாங்கிக்கொள்ள வேண்டும். உடலளவுக்கு ஏற்ற தாங்கு பட்டியைத் தாதியின் ஆலோசனையுடன் தெரிவு செய்யலாம். கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவதைத் தவிர்த்து, நின்றவாறு கைகூப்பி வணங்கலாம்.

5. மலவாசல் வலியும் இல்லாத உறுப்பின் உணர்வும்

நேர்குடலும் மலவாசலும் அகற்றப்பட்டவர்களுக்கு, மலம் கழிக்க வேண்டும் என்ற உந்துதலோ அவ்விடத்தில் அழுத்தமோ தோன்றுவதுண்டு. உறுப்பு அகன்றாலும் அதற்குரிய நரம்புகளின் செய்தி மூளையை எட்டுவதால் இது நிகழ்கிறது. கால் இழந்தவர் அக்காலில் நோவு உணர்வதைப் போன்றதே இதுவும். இது மனப்பிரமை அன்று. இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மலகூடத்தில் சிறிது நேரம் வழக்கம்போல் அமர்ந்திருப்பது சிலருக்கு ஆறுதல் தருகிறது.

நேர்குடல் அகற்றப்படாமல் உள்ளே இருந்தால், அது சுரக்கும் சளி மலவாசல் வழியாக வெளிவருவது இயல்பாகும். மலவாசற் காயம் ஆறுவதற்குப் பல வாரங்களோ மாதங்களோ செல்லலாம். வளைய வடிவ மெத்தை காயத்தை விலக்கி இழுக்கும் என்பதால், தட்டையான மென்மெத்தையில் அமர்வது நல்லது. ஆறிய காயத்தில் புதிதாக வலி, இரத்தம், சீழ் தோன்றினால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தழும்பில் மின்னதிர்ச்சி போலவோ ஊசி குத்துவது போலவோ உண்டாகும் வலி நரம்பு வலியாக இருக்கலாம். 3 மாதங்களைக் கடந்த வலியை மருத்துவம் நாட்பட்ட வலி என்று வகுத்து, அதற்கெனத் தனிச் சிகிச்சை அளிக்கிறது. சாதாரண வலிமாத்திரைக்கு அடங்காத நரம்பு வலிக்கு வேறு வகை மருந்துகள் உள்ளன.

6. மருந்துகளில் கவனம்

பனடோல் முதலிய பெயர்களில் விற்கப்படும் பரசிட்டமோலை வளர்ந்தோர் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஈரல் நோயுள்ளவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் அளவு இன்னும் குறையும். இபுப்ரோஃபென் போன்றவை, நீரிழப்பு உள்ளவரின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; ஆகவே இலியோஸ்டமி உடையவர் வைத்தியரைக் கேளாமல் அவற்றை எடுக்கலாகாது. கோடீன் கலந்த மாத்திரைகள் 2018 பெப்ரவரி 1 முதல் அவுஸ்திரேலியாவில் மருந்துச் சீட்டின்றி விற்கப்படுவதில்லை. அவ்வகை மருந்துகள் மலச்சிக்கலையும் உண்டாக்கும். மெதுவாகக் கரையும் மாத்திரைகள் இலியோஸ்டமி வழியாகக் கரையாமலே வெளியேறலாம். பையில் மாத்திரை முழுதாகத் தென்பட்டால் மருந்தாளரிடம் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து தருவிக்கப்பட்ட மாத்திரைகளையும் சூரணங்களையும் அவரிடம் காட்டுவது பாதுகாப்பானது.

7. வலிக் குறிப்பேடு

வைத்தியரைச் சந்திக்கும் நேரம் குறுகியது. “வயிறு நோகுது” என்ற ஒரே சொல்லால் காரணத்தை அறிய இயலாது. இரண்டு வாரங்களுக்குப் பின்வருவனவற்றை நாள்தோறும் தமிழில் எழுதிவைத்தால் போதும்:

• வலி தோன்றும் இடம்: தோல், ஸ்டோமாவின் பக்கம், வயிற்றின் உள்ளே, தழும்பு, மலவாசல்
• நேரம்: உணவுக்குப் பின், பை மாற்றும்போது, அமரும்போது, இரவில்
• தன்மை: எரிவு, பிடிப்பு, குத்து, இழுவை, கனம்
• அளவு: 0 முதல் 10 வரை
• அன்று உண்ட உணவும் எடுத்த மருந்தும்
• வலியினால் தடைப்பட்டவை: உறக்கம், வேலை, நடை, வழிபாடு, தாம்பத்தியம்

இறுதியில் உள்ளதைச் சொல்லப் பலர் தயங்குவர். பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ உரைபெயர்க்க வைத்தால் இத்தகைய செய்திகள் சொல்லப்படாமலே போய்விடும். தொழில்முறை உரைபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆணா பெண்ணா வேண்டும் என்பதையும் முன்பதிவின்போது கேட்கலாம்.

8. உதவி பெறும் வழிகள்

ஸ்டோமா சிகிச்சைத் தாதி: பை, தகடு, தோல், குடலிறக்கம் தொடர்பான எல்லாவற்றுக்கும் முதலில் நாட வேண்டியவர். சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் மூலம் ஆண்டுகள் சென்ற பின்னும் சந்திப்புக் கேட்கலாம்.

குடும்ப வைத்தியர்: நாட்பட்ட நோய்க்கான பராமரிப்புத் திட்டம் ஒன்றை வகுத்தால், இயன்மருத்துவர், உணவியலாளர் முதலியோரிடம் ஓராண்டில் 5 சந்திப்புகள் வரை மெடிகெயர் உதவியுடன் பெறலாம். நாட்பட்ட வலிச் சிகிச்சை நிலையத்துக்கும் அவரே அனுப்பிவைப்பார்.

ஸ்டோமா உபகரணத் திட்டம்: 1975 முதல் அவுஸ்திரேலிய அரசு நடத்திவரும் இத்திட்டத்தின்கீழ், மெடிகெயர் தகுதியுடையோர் ஸ்டோமா சங்கமொன்றில் சேர்ந்து பைகளையும் தகடுகளையும் பெறுகின்றனர். பொருள்களுக்கு விலையில்லை, சங்கக் கட்டணமும் தபாற்செலவும் வேறு. செலவுக்கு அஞ்சிக் கசியும் பையை நாட்கணக்கில் அணிந்திருக்கத் தேவையில்லை. இப்போதைய வகை பொருந்தாவிடில், வேறு வகைக்கு மாறவும் தாதி உதவுவார்.

மெடிகெயர் இல்லாதோர்: அகதிகளும் புகலிடம் கோருவோரும் டண்டினொங்கில் இயங்கும் மொனாஷ் ஹெல்த் அகதிகள் நலச்சேவையை நாடலாம்.

தொலைபேசி இலக்கங்கள்:
• உரைபெயர்ப்புச் சேவை: 131 450
• தாதியின் ஆலோசனை, 24 மணி நேரமும்: 1300 60 60 24
• புற்றுநோய்ச் சபை: 13 11 20
• மனச்சோர்வும் நெருக்கடியும், லைஃப்லைன்: 13 11 14

9. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஸ்டோமா கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுதல், திடீரென எழும் தாங்கொணா வயிற்று வலி, கழிவு நின்று வயிறு வீங்கி வாந்தி எடுத்தல், நிற்காத இரத்தப்போக்கு, குளிர்காய்ச்சல், சிறுநீர் மிகக் குறைந்து மயக்கம் வருதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் 000 இலக்கத்தை அழைக்க வேண்டும், அல்லது டண்டினொங் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர் ‘தமிழ்’ என்று மொழியின் பெயரைச் சொன்னால் உரைபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.

மீள்பார்வை

1. ஸ்டோமாவின் அளவு கடைசியாக எப்போது அளக்கப்பட்டது?
2. வலி தோன்றும் இடத்தை ஒரு விரலால் சுட்டிக்காட்ட இயலுமா?
3. ஸ்டோமா சிகிச்சைத் தாதியைக் கடைசியாகச் சந்தித்தது எப்போது?
4. வலியைப் பற்றி வீட்டில் எவரிடமாவது சொல்லியாயிற்றா?

இவ்வினாக்களுக்கான விடைகளைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி, அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்க.