கலத்தை அழைக்கும் விளக்கு

தமிழ் வகுப்பில் ஒருநாள், "கலங்கரை விளக்கம் என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுக" என்று எங்களிடம் கேட்கப்பட்டது. பாம்பன் விளக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்! "கலம் என்றால் கப்பல், கரை என்றால் கடற்கரை, கப்பலுக்காகக் கரையில் நிற்கும் விளக்கு" என்று எல்லாரும் எழுதினோம். எல்லாருடைய விடையும் தவறு!

ஆசிரியை சிரித்தவாறே, "காகம் என்ன செய்யும்?" என்று கேட்டார். "கரையும்" என்றோம். அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. கரைதல் என்றால் அழைத்தல். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கமே கலங்கரை விளக்கம். 'கலம்' என்பதன் மகரம், அடுத்து வரும் ககரத்தால் 'ங்' எனத் திரிந்தது.

இச்சொல் மிகப் பழமையானது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, புகார்க் கடற்கரையின் இரவு விளக்குகளை வரிசையாகக் கூறுகிறது. பூ விற்போர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, மீன் பிடிக்கும் திமில்களின் விளக்கு ஆகியவற்றோடு கலங்கரை விளக்கமும் அங்கே இடம்பெறுகிறது. கலத்தை அழைக்கின்ற விளக்கு என்றே உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரும் பொருள் கூறுகிறார். பெரும்பாணாற்றுப்படையிலோ, ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தில் இரவில் தீ மூட்டி, கடலில் ஓடும் கலங்களை அழைக்கும் துறை ஒன்று வருகிறது. அங்கும் 'கரையும்' என்பதே சொல்.

இலக்கணத்திலும் ஓர் அழகு உண்டு. 'கரை விளக்கம்' என்பது வினைத்தொகை. கரைந்த விளக்கம், கரைகின்ற விளக்கம், கரையும் விளக்கம் என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கின்றன.

இதைக் கேட்டதும் எங்கள் தோழி ஒருத்தி மெல்ல எழுந்தாள். அவள் தந்தை கடலுக்குச் செல்பவர். "காற்று பலத்தால் அம்மா தூங்கமாட்டார். விளக்குத் தெரிந்தால் அப்பா வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் நாங்கள். அந்தத் தாயின் அச்சம் எங்களுக்குப் புரியாததன்று.

இன்று படகுகளில் திசை காட்டும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் வீடு திரும்புவோரை அழைக்க ஓர் ஒளி வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்த நினைவு இச்சொல்லில் இருக்கிறது. தோழியரே, நாள்தோறும் வழங்கும் சொற்களையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நாங்கள் இப்போது பாம்பன் விளக்கைக் காணும்போதெல்லாம், அது யாரையோ வீட்டுக்கு அழைக்கிறது என்றே எண்ணிக்கொள்கிறோம்.