கதிர்ச் சிகிச்சையும் பற்களின் பாதுகாப்பும்

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம்மவரிடையே, அதிலும் பெண்களிடையே, ஏனைய இனத்தவரைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றுடன் புகையிலையையும் கன்னத்தில் ஒதுக்கும் பழக்கமே இதற்கு முதற்காரணம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய, சுகாதார அமைச்சு 1997-இல் தோட்டமக்களையும் உள்ளடக்கிய வாய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கிற்று.

நோய் கண்டவர்களுக்கு அறுவையோ, கதிர்ச் சிகிச்சையோ, இரண்டுமோ அளிக்கப்படும். கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரங்கள் நடைபெறும். கதிர் நோயை அழிக்கிறது. எனினும், வழியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாடை எலும்பையும் தாக்குகிறது.

உமிழ்நீரை நாம் பெரிதாக மதிப்பதில்லை. பற்களில் படியும் அமிலத்தைக் கழுவிக் காப்பது அதுவே. அது வற்றினால் நாக்கு ஒட்டும், சோறு இறங்காது, ஈறோரத்தில் பற்கள் விரைந்து சொத்தையாகும்.

எலும்பின் நிலையைப் பால்வெட்டும் தோழர்கள் எளிதில் உணர்வர். கத்தி பட்டையோடு நின்றால் புதுப்பட்டை வளரும். ஆழ்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். கதிர்பட்ட தாடையும் அத்தகையதே. இரத்த ஓட்டம் குன்றியிருப்பதால், பின்னர்ப் பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே சிதையக்கூடும். ஆண்டுகள் பல கடந்தாலும் இவ்வபாயம் நீங்குவதில்லை.

ஆகவே, பிடுங்க வேண்டிய பற்களைச் சிகிச்சை தொடங்குமுன், இயன்றால் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே, பிடுங்கிவிடுதல் வேண்டும். "உயிருக்கே ஆபத்து என்கிறார்கள், பல்லுக்கென்ன அவசரம்?" என்போர் உண்டு. அவசரம் அங்கேதான் இருக்கிறது. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் தவறு. கமுந்திங் வட்டாரத்தார்க்குத் தைப்பிங் அருகிலேயே உள்ளது. கதிர்ச் சிகிச்சை வேண்டுமென்று மருத்துவர் கூறிய அன்றே அங்குள்ள அரசாங்கப் பல் மருத்துவரைக் காணலாம்.

சிகிச்சை நாட்களில் வாய் புண்ணாகும். மிளகாய்க் காரத்தை விலக்கிக் கஞ்சி, குழைந்த சோறு, அவித்த முட்டை ஆகியவற்றை உண்க. உப்பும் சோடா மாவும் சிறிதளவு கலந்த நீரால் அடிக்கடி வாய் கொப்பளிக்கலாம். மென்மையான தூரிகையும் மருத்துவர் தரும் புளோரைடும் பற்களைக் காக்கும். தாடை இறுகாதிருக்க, அவர் கற்பிக்கும் வாய்திறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்க. வறட்சிக்கு மிட்டாய் சுவைப்பது சொத்தைக்கு வழிகோலும், நீரே நன்று. வெற்றிலைப் பெட்டியை அறவே ஒதுக்கிவிடுக.

பின்னொரு நாள் பல்வலி வந்தால், எந்தப் பல் மருத்துவரிடம் சென்றாலும், அவர் குறடை எடுக்குமுன், கதிர்ச் சிகிச்சை பெற்றதைச் சொல்லி மருத்துவமனை அட்டையைக் காட்டுங்கள்.