கப்பல் ஏறும் முன்

கேள்வி: போர்ட் பிளேயரிலிருந்து அப்பாதான் கப்பலில் கூட்டிவந்து சென்னைக் கல்லூரியில் சேர்த்தார். இது கடைசி செமஸ்டர். பட்டம் தவிர எதில் வளர்ந்தேன் என்றே புரியவில்லையே?
- வாசகி, அபர்தீன் பஜார்

பதில்: காந்தி லண்டனில் பாரிஸ்டரானது 1891 ஜூன் 10. பன்னிரண்டாம் தேதியே ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அப்போதும் வக்கீல் தொழில் பார்க்க முடியுமா என்ற பயம் தன்னை விடவில்லை என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உங்களுக்கு மட்டும் அதற்குள் எல்லாம் விளங்கிவிட வேண்டுமா என்ன!

மார்க் ஷீட்டைத் தள்ளி வையுங்கள். அன்று மூன்று நாள் கடல் பயணத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடவும் முடியாமல் அப்பா முகத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று ஹாஸ்டல் பாக்கி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் உங்கள் பொறுப்பு. போனில் அம்மாவிடம் எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் பழகியிருக்கும். அது லேசான பாடமில்லை.

ஊர் போனதும், "முன்ன மாதிரி இல்லடி நீ" என்று அம்மா குறைபட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். இப்போதே டிக்கெட்டுக்கு முயலுங்கள். லீவு நேரத்தில் கப்பலில் பங்க் படுக்கை கிடைப்பது பாடு.