பிதுரார்ஜிதமும் சுயார்ஜிதமும்: ஓர் உடல்நலக் கணக்கு



நமது கடைத்தெருவில் உடல்நலம் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு விதமான பதில்களைக் கேட்கலாம். ஒருவர், "எங்கள் வம்சமே சர்க்கரை வம்சம். அப்பாவுக்கு இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தே தீரும். பிறகு எதற்கு வாயைக் கட்ட வேண்டும்?" என்பார். இன்னொருவர், "எங்கள் தாத்தா நெய்யும் வெல்லமுமாகச் சாப்பிட்டு 90 வயது வரை இருந்தார். எனக்கு ஒன்றும் வராது" என்பார். முன்னவர் பரம்பரையின் பெயரைச் சொல்லிக் கையை விரிக்கிறார். பின்னவர் அதே பரம்பரையின் பெயரில் கடன் வாங்குகிறார். இரண்டுமே தப்புக்கணக்கு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொத்துப் பத்திரம் எழுதும்போது பிதுரார்ஜிதம், சுயார்ஜிதம் என்று பிரித்துப் பேசுகிறோம். முன்னோர் வழி வந்தது ஒன்று. நாமே சம்பாதித்தது மற்றொன்று. உடலுக்கும் இந்த இரண்டு கணக்குகளும் உண்டு. பெற்றோர் வழி வரும் மரபணுக்கள் முன்னது. உணவு, உழைப்பு, உறக்கம், பழக்கவழக்கம் ஆகியவை பின்னது.

முன்னோர் தந்த முதல்

நம் உடலில் அநேகமாக எல்லா உயிரணுக்களிலும் 23 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. இவற்றில் சுமார் 20,000 மரபணுக்கள் இருப்பதாக, 2003-ல் நிறைவு பெற்ற மனித மரபணுத் தொகுப்புத் திட்டமும் அதன்பின் நடந்த ஆய்வுகளும் காட்டின. எந்தப் புரதத்தை எப்படி உண்டாக்குவது என்று உடலுக்குச் சொல்லும் குறிப்புச் சீட்டே மரபணு.

இரத்த வகை போன்ற சில விஷயங்களை ஓரிரு மரபணுக்களே முடிவு செய்துவிடும். ஆனால் நம்மில் பெரும்பாலோரை வாட்டும் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவை அப்படியல்ல. இவற்றின் பின்னால் நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் உள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. பெரிய தொகையாக ஒரே இடத்தில் வாங்கிய கடனல்ல. பல இடங்களில் நின்றுபோன சில்லறைப் பாக்கி என்று கொள்ளலாம்.

மேலும், சீட்டு இருப்பது வேறு, அதைப் பிரித்து வேலை செய்வது வேறு. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதற்கு அதன்மேல் சில இரசாயன அடையாளங்கள் உண்டு. ஒரே மரபணுக்களோடு பிறந்த ஒத்த இரட்டையர்களை ஸ்பெயின் நாட்டில் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டனர். சிறுவயது இரட்டையரிடம் இந்த அடையாளங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. வயது முதிர்ந்த இரட்டையரிடம், குறிப்பாக வெவ்வேறு விதமாக வாழ்ந்தவரிடம், வேறுபாடு மிகுதியாக இருந்தது. ஒரே இருப்போடு திறந்த இரண்டு கடைகள் 50 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மாதிரி இருப்பதில்லை அல்லவா?

ஆயுளில் பரம்பரையின் பங்கு எவ்வளவு?

இதற்கும் இரட்டையர் கணக்கே உதவியது. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 ஜோடி இரட்டையரின் ஆயுளை ஒப்பிட்டு 1996-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனிதருக்கு மனிதர் ஆயுள் வேறுபடுவதில் சுமார் கால் பங்குக்கு மரபணுக்கள் காரணம் என்று அது மதிப்பிட்டது. பிற்கால மதிப்பீடுகளில் சில இதைவிடக் குறைவாகவும், சில இதைவிட அதிகமாகவும் உள்ளன. ஆனால் முழுவதும் பரம்பரையே என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. இது மக்கள் கூட்டத்துக்கான கணக்கு. தனி ஒருவரின் ஆயுளை இதை வைத்துக் கணிக்க முடியாது.

90 வயது தாத்தாவுக்கு வருவோம். அவர் நெய் சாப்பிட்டது உண்மைதான். சந்தைக்கு நடந்து போனதும், வண்டியில் மூட்டை ஏற்றியதும், இருட்டியதும் படுத்ததும் உண்மைதானே? வரவை மட்டும் பார்த்துச் செலவைப் பார்க்காமல் ஐந்தொகை போட்டால் கணக்கு நேராகாது. அவருடைய மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்குதான் பேரனுக்கு வருகிறது. அவருடைய உழைப்பு தானாக வருவதில்லை.

கல்லாவும் படிக்கட்டும்

உட்கார்ந்தே செய்யும் தொழிலுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியவர் இங்கிலாந்தின் டாக்டர் ஜெர்ரி மாரிஸ். இவரும் இவரது குழுவினரும் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் எழுதினர். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்ததாகவும் இருந்தது.

டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்களாக இருந்தார்கள் என்பதைச் சீருடை அளவுகளை வைத்து இதே குழுவினர் 1956-ல் எடுத்துக்காட்டினர். ஆகவே முழு வித்தியாசத்துக்கும் படிக்கட்டே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் உடலுழைப்பு இருதயத்தைக் காக்கிறது என்ற கருத்தைப் பிறகு வந்த பல ஆய்வுகள் உறுதி செய்தன.

நம் கடைகளில் டிரைவர் யார், கண்டக்டர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மூட்டை இறக்கி, எடை போட்டு, பரண் ஏறி இறங்குபவர் பணியாளர். கல்லாவில் காலை முதல் இரவு வரை அமர்ந்திருப்பவர் முதலாளி.

சென்னையில் கண்ட உண்மை

"வெள்ளைக்காரன் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு" என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. நம் நாட்டவருக்குக் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வருகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் வாகு அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

அப்படியானால் நம்மவர்க்குத் தப்ப வழியில்லையா? இதற்கு விடை சென்னையிலேயே கிடைத்தது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் முந்தைய நிலையில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்தனர். பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து அலுவலர்கள். அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது ஆலோசனை மட்டும். இரண்டாம் பிரிவுக்கு நாள்தோறும் அரைமணி நடை, சர்க்கரையும் மாவுப் பண்டமும் எண்ணெயும் குறைப்பு, நார்ச்சத்து மிகுந்த உணவு என்ற ஒழுங்கு. மூன்றாம் பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவுக்கு இரண்டும்.

முடிவு 2006-ல் வெளிவந்தது. 3 ஆண்டுக் கணக்கில் முதல் பிரிவில் 55.0 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆயினர். ஒழுங்கைக் கடைப்பிடித்த பிரிவில் 39.3 சதவீதம். மாத்திரைப் பிரிவில் 40.5. இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5. அதாவது நடையும் உணவு ஒழுங்கும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. உடல் எடை பெரிதாகக் குறையாதபோதும் இந்தப் பலன் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. "நடந்தும் எடை குறையவில்லை" என்று நடையை நிறுத்துபவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

ஒழுங்காக இருந்தவர்களிலும் 100-க்கு 39 பேருக்கு நோய் வந்ததையும் மறைக்கக் கூடாது. பிதுரார்ஜிதக் கடன் பொய்யல்ல. ஆனால் 55-க்கும் 39-க்கும் உள்ள வித்தியாசம் சிறிய இலாபமா? சரக்கில் அத்தனை சதவீதம் மிச்சம் என்றால் நாம் விடுவோமா?

இருதயக் கணக்கு

அமெரிக்காவிலும் சுவீடனிலும் 55,685 பேரின் விவரங்களை வைத்து 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மரபணுப்படி மாரடைப்பு அபாயம் மிகுந்தவர் யார், குறைந்தவர் யார் என்று முதலில் பிரித்தனர். பிறகு புகையின்மை, உடற்பருமனின்மை, உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றாவது உள்ளவர் யார் என்று பார்த்தனர். மரபணு அபாயம் மிகுந்தவர்களிலேயே, ஒழுங்காக வாழ்ந்தவர்களுக்கு ஒழுங்கற்றவர்களைவிட 46 சதவீதம் அபாயம் குறைவாக இருந்தது. நல்ல மரபணு வாய்த்தும் ஒழுங்கின்றி வாழ்ந்தவர்கள் அந்த நன்மையின் பெரும்பகுதியை இழந்திருந்தனர். நல்ல முதல் கிடைத்தும் கடையைக் கெடுத்துக்கொண்டவர்களை நம் தெருவிலும் பார்த்திருக்கிறோம்.

மருந்து தேவைப்படும் இடம்

தலசீமியா, ஹீமோஃபிலியா போன்றவை ஒரே மரபணுக் கோளாற்றால் வருபவை. நடையாலும் பத்தியத்தாலும் அவற்றைத் தடுக்க முடியாது. சுமார் 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே கொலஸ்ட்ராலை மிகையாக வைக்கும் மரபணு உள்ளது. அவர் ஒல்லியாக இருந்தாலும், சைவ உணவே உண்டாலும் இளம் வயதில் மாரடைப்பு வரலாம். அவருக்கு மாத்திரை அவசியம். ஆகவே தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஒழுங்காக இருந்தும் நோய் வந்தவரைப் பார்த்து, "ஏதோ தின்று கெடுத்துக்கொண்டார்" என்று பேசுவதும் தகாது.

வயதான பின் பயன் உண்டா?

"இனிமேல் என்ன?" என்று கேட்கும் என் வயதொத்தவர்களுக்கு இரண்டு சான்றுகள். இங்கிலாந்தில் டாக்டர் ரிச்சர்ட் டால் குழுவினர் 1951 முதல் ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை 50 ஆண்டுகள் கவனித்து 2004-ல் எழுதினர். தொடர்ந்து புகைத்தவர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார். 30 வயதில் விட்டவர் அந்தப் பத்தையும் மீட்டார். 40-ல் விட்டவர் 9, 50-ல் விட்டவர் 6, 60 வயதில் விட்டவரும் 3 ஆண்டுகள் மீட்டனர்.

இரண்டாவது, அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த சராசரி 90 வயதுள்ள 10 பேர். 8 வாரம் கால்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்ததில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990-ல் அறிவித்தனர். முதுமையில் பலரை முடக்குவது நோய் மட்டுமல்ல, தசை கரைவதும் விழுந்து எலும்பு முறிவதும் ஆகும். அந்த வயதிலும் தசை, வேலை கொடுத்தால் பதில் தருகிறது.

நாம் செய்யத்தக்கவை

1. நடை: கடை திறக்குமுன் அரைமணி வேக நடை. வாரத்துக்கு 150 நிமிடம் குறைந்த அளவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரம் இரு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

2. கல்லாவை விட்டு எழுதல்: மணிக்கு ஒருமுறையாவது எழுந்து சரக்கைப் பார்வையிடுங்கள். உடம்புக்கும் நல்லது, இருப்புக்கும் நல்லது.

3. டீக்கணக்கு: நாளைக்கு 6 டீ, டீக்கு 2 ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 48 கிராம் சர்க்கரை. வருடத்துக்கு 17½ கிலோ! பாதியாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

4. சாப்பாடு: சோற்றைக் குறைத்துக் காய், பயறு, பருப்பைக் கூட்டுங்கள். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் அடக்கம்.

5. புகையும் பாக்கும்: பாக்கு புகையிலை கலக்காமலே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் தெரிவித்துள்ளது.

6. இடுப்பளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரை. அதாவது சுமார் 35½ அங்குலமும் 31½ அங்குலமும்.

7. சோதனை: வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் அது எச்சரிக்கை மணி, 126-ம் அதற்கு மேலும் வந்தால் மறுமுறை சோதித்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அலட்சியம் கூடாது.

நம்மில் பலர் தனியாள் வியாபாரிகள். முதலாளி பக்கவாதத்தில் படுத்தால் கடை படுக்கும்; வர வேண்டிய பாக்கி வராது, கொடுக்க வேண்டியது மட்டும் வாசலில் வந்து நிற்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கல்லாவில் உட்கார நேரும். நாம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் மரபணுவை மாற்ற முடியாது. ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டையும் பழக்கத்தையும் பார்த்தே அவர்கள் வளர்கிறார்கள். அதுவும் பரம்பரைச் சொத்துதான்.

ஏப்ரல் முதல் தேதி புதுக்கணக்கு தொடங்குமுன் இருப்பு எடுக்காத வியாபாரி இல்லை. அந்த வாரத்திலேயே இரத்தச் சோதனையையும் செய்து, எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வைப்போம். மே 5 வணிகர் தினத்தையொட்டி நம் சங்கத்தின் சார்பில் உறுப்பினர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனை முகாம் ஒன்றை நடத்துமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆரம்ப இருப்பு நம் கையில் இல்லை. தினசரி வரவு செலவு நம் கையில்தான் இருக்கிறது.